தடை நீங்க ஜெபிக்கும் முன்: உடன்பிறந்தவரின் பங்கைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழிகாட்டி

இரண்டு ஆண்டுகளாக, மாதந்தோறும் முதல் வெள்ளி உபவாச ஜெபத்தில் நான் ஒரே விண்ணப்பச் சீட்டைத்தான் எழுதிப் போட்டேன்: "ஊர் வீட்டு விற்பனையில் உள்ள தடை நீங்க." தடை என்று நான் எழுதியது என் அக்காவை.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அப்பா பள்ளி ஆசிரியர். 2009-இல் இறந்தார்; அம்மா 2016-இல். உயில் கிடையாது. 12 சென்ட் மனையில் ஓட்டு வீடு, ஊருக்கு வெளியே 64 சென்ட் விளை (தோட்ட நிலம்). பிள்ளைகள் அக்காவும் நானும் மட்டும். வீட்டு வாடகையையும் விளையின் முருங்கைக் குத்தகையையும் நானே வாங்கிக்கொண்டிருந்தேன். மகனின் கல்லூரிச் செலவுக்கு வீட்டை விற்க நினைத்தபோது அக்காவின் கையெழுத்து தேவைப்பட்டது. அக்கா தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தின் வரைவு ஒன்றை அடித்துத் தூத்துக்குடிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அன்றிலிருந்து தொடங்கியதுதான் அந்த ஜெபம்.

என் வழியில் நின்றது அக்கா அல்ல, நான்தான் என்று புரிந்துகொள்ள இரண்டு ஆண்டு ஆனது. புரிந்தபின் அதைச் சரிசெய்ய மேலும் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் பாதி, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் வீணாகப் போனது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞரும் அல்ல, குருவானவரும் அல்ல. தமிழ்நாட்டில், உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவப் பெற்றோரின் சொத்தை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டிருக்கிறது. இந்து, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுரிமைச் சட்டம் வேறு. பங்குக் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மற்றபடி அலுவலகமும் வரிசையும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1. விண்ணப்பச் சீட்டை மறுபடி படியுங்கள்

நீங்கள் கடவுளிடம் தொடர்ந்து கேட்டுவரும் காரியத்தை ஒரு தாளில் முழு வாக்கியமாக எழுதுங்கள். "தடை", "எதிர்ப்பு", "கட்டு" போன்ற சொற்கள் வந்தால் அவற்றை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஆளின் பெயரை எழுதுங்கள். என் சீட்டில் அப்படிச் செய்தபோது வந்த வாக்கியம்: "ஊர் வீட்டு விற்பனையில் அக்கா நீங்க." இதற்குமேல் எனக்கு யாரும் பிரசங்கம் செய்யத் தேவை இருக்கவில்லை.

பிறகு ஒரே கேள்வி. அந்த ஆளுக்குச் சேர வேண்டியது எதுவும் என் கையில் இருக்கிறதா? வேதாகமத்தில் ஆகான் என்பவன், எரிகோ பட்டணத்தில் எடுக்கக் கூடாததை எடுத்துத் தன் கூடாரத்துக்குள் புதைத்துவைத்திருந்தான். அடுத்து ஆயி பட்டணத்தில் ஏன் தோற்றோம் என்று தலைவர் யோசுவா முகங்குப்புற விழுந்து கேட்டபோது, எழுந்திரு என்றுதான் பதில் வந்தது. விழுந்து கிடப்பதால் புதைத்தது வெளியே வராது. தோண்ட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. இந்தக் கேள்வியை உங்களிடம் மட்டும் கேளுங்கள். நோயில் கிடப்பவரிடமோ, பிள்ளை இல்லாதவரிடமோ, வேலை போனவரிடமோ போய் "உங்கள் வாழ்க்கையில் என்ன தடை" என்று துருவாதீர்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டதற்கு, இரண்டும் இல்லை என்பதுதான் இயேசு சொன்ன பதில். கேட்டது கிடைக்காத எல்லோரும் எதையோ புதைத்துவைத்தவர்கள் அல்ல. நான் புதைத்துவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

2. மாற்றுக் காணிக்கை வேண்டாம்

நான் விழுந்த முதல் குழி இது. மனம் உறுத்தத் தொடங்கியதும் அக்காவிடம் போகவில்லை, கோவிலுக்குப் போனேன். அந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் காணிக்கை வைத்தேன். அசனத்துக்கு (கோவிலின் பொது விருந்து) அப்பா பெயரில் இரண்டு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தேன். பெயர் வாசித்தார்கள், மனம் குளிர்ந்தது. ஒரு வாரம் உறுத்தல் இல்லை.

பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு என்ன சொன்னார் என்பது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அரிசியில் பாதி அக்காவுடையது. அதை நான் யாருக்குக் காணிக்கையாக வைத்தாலும் அது அக்காவுடையதுதான். கடவுளுக்குக் கொடுத்த கணக்கை உடன்பிறந்தவர் கணக்கில் கழிக்க முடியாது.

உபவாசத்துக்கும் இதே கதைதான். நாற்பது நாள் இருக்கப் போகிறேன் என்று கிளம்பினால், அந்த நாற்பது நாளும் காகித வேலை தள்ளிப்போகிறது. எனக்கு அப்படித்தான் போனது.

குருவானவரை நடுவராக இழுக்காதீர்கள். சொத்தைப் பாகம் பிரிக்கச் சொல்லி ஒருவன் வந்து கேட்டபோது, என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று இயேசுவே கைகழுவியிருக்கிறார். நம் ஐயர் (குருவானவரை நாங்கள் அழைப்பது இப்படித்தான்) மட்டும் என்ன செய்வார்? உங்களுக்காக ஜெபிப்பார். பாகம் பிரிக்கச் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது.

3. முதலில் வீட்டுக்குள் பேசுங்கள், கணக்கு எழுதுங்கள்

மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். பாதியில் வெடிக்கும். மகனின் பீஸ் என்ன ஆகும் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை. (வங்கிக் கல்விக் கடன் எடுத்தோம். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.) மனைவியிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுருவின் நிருபத்தில் வருகிறது. ஆகவே இந்த உரையாடலிலேயே இன்னொரு தடையை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

பிறகு, அனுபவித்த வருமானத்தின் கணக்கு. நிலத்தில் பங்கு கொடுத்தால் போதும், பழைய வாடகை எதற்கு என்று தோன்றும். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் இதில் தெளிவாக இருக்கிறது: அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்ப வேண்டும், அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தோமோ அவர் கையில் கொடுக்க வேண்டும். இயேசுவைச் சந்தித்து மனந்திரும்பிய வரி வசூலிப்பவர் சகேயு நாலு மடங்கு என்றார். அவர் பணக்காரர், நான் ஐந்தில் ஒன்றோடு நின்றுகொண்டேன்.

என் கணக்கு இதுதான். 2017 ஜூன் முதல் 2024 ஏப்ரல் வரை 83 மாத வாடகை, மாதம் 2,500 வீதம் 2,07,500 ரூபாய். முருங்கைக் குத்தகை ஆண்டுக்கு 8,000 வீதம் ஏழு ஆண்டுக்கு 56,000. மொத்தம் 2,63,500. செலவாக ஓடு மாற்றிய வகையில் 48,000, வீட்டு வரி 5,500 என்று எழுதிக் கழித்தேன். மீதி 2,10,000, அக்காவுக்குப் பாதி 1,05,000. திருப்தியோடு பேனாவை மூடும்போது மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஓடு மாற்றும்போது உங்கள் அக்கா பத்தாயிரம் அனுப்பினார்களே, அது எங்கே?"

எனக்கு உண்மையாகவே மறந்துபோயிருந்தது. நமக்கு வர வேண்டியது மறப்பதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்கிறேன். அந்தப் பத்தாயிரத்தையும் சேர்த்தால் 1,15,000, ஐந்தில் ஒரு பங்கு 23,000, ஆக 1,38,000. உங்கள் கணக்கையும் வீட்டில் வேறொருவரிடம் காட்டுங்கள்.

முழுத் தொகையும் கையில் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். நான் 50,000 முதலில் கொடுத்தேன். மீதியை எட்டு மாதம் தவணையாக, மாதம் 11,000 வீதம் வங்கிவழி அனுப்பினேன். ரொக்கமாகக் கொடுத்தால் பிற்காலத்தில் இரண்டு பக்கமும் பேச்சு வரும்.

4. தனியாகப் போங்கள், வெறுங்கையோடு போங்கள்

"முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்று மத்தேயுவில் இருப்பதில் வரிசைதான் முக்கியம். பத்திரம் எழுதும் வேலையையும் ஒப்புரவாவதற்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்க வந்தான் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. அதனால் முதல் முறை போகும்போது ஒரு தாளும் எடுத்துப்போகாதீர்கள். கணக்குத் தாளையும்தான். பழம், இனிப்பு, குழந்தைகள், சித்தப்பா என்று கூட்டமாகப் போனால் அவர் சபை நாகரிகத்துக்காகத் தலையாட்டிவிடுவார்; அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

நான் ஒரு சனிக்கிழமை காலை போனேன். அத்தான் கடைக்குப் போயிருந்தார். அக்கா முற்றத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். வா என்று சொன்னார், எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நீளமாகச் சொல்லத் திட்டமிட்டிருந்தது நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது: வாடகையில் உன் பங்கை நான் எடுத்துக்கொண்டேன்; வீட்டையும் எடுக்கப் பார்த்தேன்; தப்பு என்னுடையது; பாதியைப் பதிவுசெய்து தருகிறேன்.

அக்கா கடைசி மீனையும் ஆய்ந்து முடித்து, சட்டியை மூடி, கை கழுவிவிட்டு உள்ளே போனார். குடும்ப அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறையோடு திரும்பி வந்தார். அதற்குள்ளிருந்து நான் அனுப்பிய விடுதலைப் பத்திர வரைவை எடுத்து விரித்தார்.

"இதில் என் பெயரைப் பார்த்தாயா, தம்பி?"

பார்த்தேன். ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.

"நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்வரை உன் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்தது நான்தான்," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இந்தப் படியில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, "எனக்கு எதுவும் வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்று அவர் சொல்லக்கூடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் வாய்க்கு வாய் சொல்லும் வாக்கியம் இது. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் சொல்வது. அதைப் பிடித்துக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுத ஓடாதீர்கள். பதிவுசெய்து கொடுத்தபிறகும் வேண்டாம் என்றால், அவர் சொத்து, அவர் விருப்பம்.

இரண்டு, நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே என்ற வாதம். உங்கள் மனத்திலேயே வரும், வராவிட்டால் உறவினர் யாராவது வந்து சொல்வார்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மகன்களுக்கும் மகள்களுக்கும் சரிசமம். அம்மாவும் போய்விட்டால் அவர் பங்கும் அதேபோல் பிரியும். ஆக எங்கள் வீட்டில் பாதிக்குப் பாதி. நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தை நினைவில் வைத்து, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசிதான் என்பார்கள். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தாயிற்று. அதற்கும் வெகு முன்பே, செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயிடம் வந்து தகப்பன் பங்கைக் கேட்டபோது, அவர்கள் சொல்வது சரி என்றுதான் தீர்ப்பு வந்தது.

5. காகிதங்களைச் சேருங்கள்

அதிகக் காலம் பிடிக்கும் படி இதுதான். தேவையானவை: தாய், தந்தை இருவரின் இறப்புச் சான்றிதழ்கள், இருவருக்கும் தனித்தனி வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, எல்லோருடைய ஆதார், பான் அட்டைகள்.

வில்லங்கச் சான்றையும் நிலத்தின் வழிகாட்டி மதிப்பையும் (அரசு குறித்துவைத்திருக்கும் மதிப்பு) பதிவுத்துறை இணையதளத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். பட்டாவையும் இணையத்தில் பார்த்துவிடலாம். இந்த மூன்றையும் முதல் நாளே பாருங்கள். சர்வே எண் பத்திரத்தில் ஒன்றும் பட்டாவில் ஒன்றுமாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மூலப்பத்திரம் காணவில்லை என்றால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதோடு என்ன கேட்பார்கள் என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நான் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய் கட்டினேன். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். எங்களுக்குப் பத்து வாரம் ஆனது. ஆறு வாரத்தில் முடிந்திருக்கும். பெயரால் வந்த வினை. அப்பாவுக்குப் பத்திரத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர், இறப்புச் சான்றில் ஞானஸ்நானப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட, கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து ஒரு நகலும், பள்ளியின் பணிப்பதிவேட்டு நகலும் கொடுத்தோம். பழைய தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த இரட்டைப் பெயர்ச் சிக்கல் இல்லாத வீடு குறைவு. முதலிலேயே சரிபார்த்து, விண்ணப்பத்திலேயே "என்கிற" போட்டு இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள்.

இந்த நேரத்தில் ஒருவர் வந்து, மூவாயிரம் கொடுத்தால் இந்த வாரமே கையில் தருகிறேன் என்றார். பணத்தை எடுத்து எண்ணியும்விட்டேன். ஓர் அநியாயத்தைச் சரிசெய்யக் கிளம்பி வந்த வழியில் லஞ்சம் கொடுப்பதா என்று கை நின்றது. பெரிய தைரியம் ஒன்றும் இல்லை. அக்காவிடம் கணக்குச் சொல்லும்போது இந்த மூவாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. வேறு வழியும் இருக்கிறது: விண்ணப்ப எண்ணை வைத்து நிலையை இணையத்தில் பாருங்கள், யார் மேசையில் நிற்கிறதோ அவரை நேரில் போய்க் கேளுங்கள். இரண்டு முறை போனேன். வேலை நடந்தது.

6. பங்கை நீங்கள் பிரியுங்கள், அவர் எடுக்கட்டும்

நீங்கள் இவ்வளவு நாள் அனுபவித்தவர். எது நல்ல துண்டு என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே தேர்வை அவரிடம் விடுங்கள். வேதாகமத்தில் ஆபிராம் தன் சகோதரன் மகன் லோத்துவிடம் செய்தது இதைத்தான். மூத்தவர் ஆபிராம், முதலில் எடுத்திருக்கலாம்.

நான் வீடும் மனையும் ஒரு பங்கு, விளை ஒரு பங்கு என்று பிரித்தேன். வழிகாட்டி மதிப்பில் வீடு 9 லட்சம், விளை 7 லட்சம். அக்கா வீட்டை எடுத்தார். நான் விற்கத் துடித்ததும், வாங்க ஆள் வைத்திருந்ததும் அந்த வீட்டைத்தான். மதிப்பு வித்தியாசத்தை நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை.

7. பத்திரமும் செலவும்

சொத்து இன்னும் பெற்றோர் பெயரில்தான் இருக்கிறது, உடன்பிறந்தவர்கள் பிரித்துக்கொள்கிறீர்கள் என்றால் எழுத வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். ஏற்கெனவே அவரிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டீர்கள் என்றால், சொத்து சட்டப்படி உங்களுடையது. திருப்பிக் கொடுக்க வேறுவகை ஆவணம் தேவைப்படும், முத்திரைத் தீர்வையும் மாறும். அதைப் பத்திர எழுத்தரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும் என்று ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். போதாது. நிலத்தைப் பிரித்துக்கொடுக்கும் ஆவணம் பதிவாக வேண்டும். உங்களுக்கு மனநிம்மதியும் அவருக்கு வெறும் தாளும் மிஞ்சும் ஏற்பாடு அது.

குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பங்குக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1 சதவீதம், ஒரு பங்குக்கு உச்சவரம்பு 10,000. (2023 ஜூலைக்கு முன் இந்த வரம்புகள் 25,000, 4,000 என்று இருந்தன. தள்ளிப்போட்டதற்கு அதுவும் ஒரு தண்டம்.) எங்கள் 16 லட்சத்துக்குத் தீர்வை 16,000, பதிவுக்கட்டணம் 16,000. எழுத்தருக்கு 7,000. சில்லறைக் கட்டணங்கள் சில நூறு. ஆக ஏறக்குறைய 40,000. முழுச் செலவும் நான் ஏற்றேன். நீங்களும் ஏற்பதுதான் முறை; தாமதம் உங்களால் வந்தது.

பதிவுக்கு முன் எழுத்தரிடம் வரைவை வாங்கி, இரண்டு வீட்டிலும் ஒருநாள் வைத்துப் படியுங்கள். பெயர், தகப்பன் பெயர், சர்வே எண், நான்கெல்லை. பதிவான பிறகு பிழை கண்டால் பிழைதிருத்தல் பத்திரம் தனியாகப் போட வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பதிவு நாளுக்கு இணையத்தில் டோக்கன் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள் வேண்டும். கைரேகை, புகைப்படம் எல்லாம் அங்கேயே. நாங்கள் காலை 11 மணி டோக்கனுக்குப் போய்ப் பிற்பகல் 3 மணிக்கு வெளியே வந்தோம். வயதானவர் வருகிறார் என்றால் தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்துப்போங்கள். சாட்சிகளில் ஒருவராக அத்தான் வேண்டாம். அவர் மனைவிக்குத்தான் பங்கு போகிறது. வெளியாள் இருவர் நல்லது.

8. பதிவோடு நிற்காதீர்கள்

பத்திரம் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் ஸ்தோத்திரம் சொல்லி விட்டுவிடுகிறார்கள். பட்டா மாறாத பங்கு பாதிப் பங்குதான். ஒரே சர்வே எண்ணை இரண்டாகப் பிரித்திருந்தால் உட்பிரிவுக்கு நில அளவர் நேரில் வந்து அளக்க வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கலாம். நாங்கள் வீடு ஒருவருக்கு, விளை ஒருவருக்கு என்று முழுசாக எடுத்ததால் அந்தச் சிக்கல் இல்லை. ஜூலை இறுதியில் பதிவு, செப்டம்பரில் பட்டா. வீட்டு வரியும் மின் இணைப்பும் அக்கா பெயருக்கு மாற விண்ணப்பம் கொடுங்கள். குடியிருப்பவரிடம், அடுத்த மாதத்திலிருந்து வாடகை யாருக்கு என்பதை எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் பழக்கதோஷத்தில் உங்கள் கணக்குக்கே பணம் வரும். எனக்கு ஆகஸ்ட் வாடகை வந்தது, அன்றைக்கே திருப்பினேன்.

இதையெல்லாம் செய்தால் ஜெபம் கேட்கப்படுமா என்று சபையில் ஒருவர் கேட்டார். வீடு விற்கவில்லை; வாங்க இருந்தவர் வேறிடம் வாங்கிக்கொண்டார். விளைக்கு நல்ல விலை கேட்டு யாரும் வரவில்லை. கல்விக் கடன் ஓடுகிறது. இதை முதலீடாக நினைத்துத் தொடங்குகிறவர்கள் தொடங்க வேண்டாம். கோவிலில் எழுந்து நின்று இந்த அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். சொன்னால் அக்கா அந்தச் சபையில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. என் மனந்திரும்புதலுக்கு அவர் எதற்குக் காட்சிப்பொருளாக வேண்டும்? நீங்களும் சொல்லாதீர்கள். பேர் இல்லாமல் இப்படி எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகுதான் எழுதினேன்.

முதல் வெள்ளி உபவாச ஜெபத்துக்கு இப்போதும் போகிறேன். சீட்டில் மகனின் படிப்பு என்று மட்டும் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. பட்டா வந்ததும் அதிலுள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அக்கா தன் பட்டாவை வாங்கியதும் அப்படித்தான் பார்த்திருக்கிறார், சரியாக இருந்ததாம். உடனே எனக்குப் பேசினார். "தம்பி, உன்னுடையதைப் படம் எடுத்து அனுப்பு." அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மறுபடி அழைப்பு. என் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. திருத்தம் கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். ஆதார் நகலும் பத்திர நகலும் கொண்டுபோனால் போதும்.